பூனை முகம் திருப்பினால் லிட்டர் தட்டைப் பாருங்கள்

நேற்றுவரை நீங்கள் செருப்பைக் கழற்றும் முன்பே காலைச் சுற்றி வந்த பூனை, இன்று பீரோவுக்கு மேலே ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. கை நீட்டினால் சீறுகிறது. இல்லையென்றால் இதற்கு நேர்மாறு: யாரையும் அண்டவிடாத பூனை உங்களை விட்டு நகராமல் ராத்திரியெல்லாம் கத்துகிறது. இரண்டு வருடமாக லிட்டர் தட்டில் (மலஜலம் கழிக்க மண் போட்டு வைக்கும் தட்டு) ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, இப்போது உங்கள் தலையணையில் போய்வைத்திருக்கிறது.

வீட்டில் உடனே தீர்ப்பு வந்துவிடும். "ஊருக்குப் போயிட்டு வந்தோம்ல, அந்தக் கோபம்." "குழந்தை வந்திருக்குல்ல, பொறாமை." "செல்லம் கொடுத்துக் கெடுத்தாச்சு, திமிர்."

பூனைக்குக் கோபம் வராதா? வரும். பயமும் வரும். ஆனால் மூன்று நாளைக்கு முன் நீங்கள் செய்ததை மனதில் வைத்திருந்து, நேரம் பார்த்து, தலையணையை நனைத்துப் பழி தீர்க்கும் கணக்கெல்லாம் அதனிடம் கிடையாது. தலையணைக்குப் போகிறது என்றால், லிட்டர் தட்டில் உட்காரும்போது வலிக்கிறது, தலையணை மெத்தென்று இருக்கிறது என்று இருக்கலாம். தட்டு நாறுகிறது என்று இருக்கலாம். தட்டுக்குப் போகும் வழியில் ஏதோ பயமுறுத்துகிறது என்று இருக்கலாம். அதனால் முதலில் உடம்பைப் பாருங்கள், பிறகு வீட்டைப் பாருங்கள். குணத்தைப் பற்றிப் பேசுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

வலி இருந்தால் பூனை கத்தாதா, நமக்குத் தெரியாமல் போகுமா? பெரும்பாலும் தெரியாமல்தான் போகும். பூனை தனியாக வேட்டையாடும் பிராணி. அதைவிடப் பெரிய பிராணிகளுக்கு அதுவே இரை. நொண்டுவதைக் காட்டிக்கொண்டால் காட்டில் பிழைக்க முடியாது. அந்தப் பழக்கம் சோபாவில் படுத்துத் தூங்கும் பூனையிடமும் இருக்கிறது. வலித்தால் அது ஒடுங்கிப்போகும். இடத்தை மாற்றிப் படுக்கும். உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதைக் குறைத்துக்கொள்ளும். தொட்டால் மட்டும் சீறும்.

எங்கள் வீட்டு மணிக்குப் பதினொரு வயது. முன்பெல்லாம் தரையிலிருந்து ஒரே தாவலில் ஜன்னல் திட்டில் போய் நிற்பான். ஒரு கட்டத்தில், பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் முதலில் ஏறி, அங்கிருந்து திட்டுக்குப் போக ஆரம்பித்தான். "பாரு, எவ்வளவு புத்தி" என்று மெச்சிக்கொண்டோம். ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இடுப்புப் பக்கம் சீப்பு போட்டபோது திரும்பி என் கையைக் கடித்தான். திடீரென்று கடித்துவிட்டான் என்றுதான் டாக்டரிடம் சொன்னேன். அவர் இடுப்பு மூட்டை இரண்டு விரலால் மெதுவாக அழுத்தினார். மணி உறுமினான். மூட்டுத் தேய்மானம். நாங்கள் மெச்சிய அந்தப் புத்தி, வலிக்கு அவன் கண்டுபிடித்த படிக்கட்டு.

பன்னிரண்டு வயதைத் தாண்டிய பூனைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றுக்கு எங்காவது ஒரு மூட்டில் தேய்மானம் இருக்கும். ஆகவே வயதான பூனை "திடீரென்று" முரட்டுத்தனமானால், கடந்த சில மாதங்களை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஏறும் உயரம் குறைந்ததா? முதுகின் பின்பக்க முடி சிக்குப் பிடித்துக் கிடக்கிறதா? நகம் தேயாமல் வளர்ந்திருக்கிறதா?

முகத்தைப் பார்த்து வலியைச் சொல்ல முடியுமா என்றால், ஓரளவு முடியும். கனடாவின் மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் அளவுகோல் உருவாக்கி 2019இல் வெளியிட்டார்கள். ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறார்கள். காது நிமிர்ந்து முன்னே பார்க்கிறதா, பக்கவாட்டில் விரிந்து தட்டையாகிவிட்டதா? கண் இடுங்கியிருக்கிறதா? மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி உருண்டையாகத் தளர்ந்திருக்கிறதா, இறுகி நீண்டிருக்கிறதா? மீசை தளர்ந்து வளைந்திருக்கிறதா, விறைத்து முன்னால் நிற்கிறதா? தலை தோளுக்கு மேலே இருக்கிறதா, கீழே தொங்குகிறதா? ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். மொத்தம் பத்தில் நான்கோ அதற்கு மேலோ வந்தால் வலிக்கு மருந்து தேவை என்று கணக்கு. தூங்கும்போதோ சாப்பிடும்போதோ பார்க்காதீர்கள். விழித்துக்கொண்டு சும்மா இருக்கும்போது அரை நிமிடம் பார்த்தால் போதும்.

இனி லிட்டர் தட்டு. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பீர்கள் என்றால் அடுத்ததைப் படியுங்கள்.

உங்களுடையது கடுவன் பூனையா? அது தட்டுக்குப் போகிறது, உட்காருகிறது, முக்குகிறது, ஒன்றும் வராமல் வெளியே வருகிறது, பத்து நிமிடத்தில் மறுபடி போகிறது. நடுநடுவே பிறப்புறுப்பை நக்குகிறது, அடித்தொண்டையில் கத்துகிறது என்றால், அன்றே, அந்த மணி நேரமே கிளம்ப வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. அதன் மூத்திரத்தாரை (சிறுநீர்ப் பையிலிருந்து வெளியே வரும் குழாய்) அடைத்துக்கொண்டிருக்கலாம்.

ஏன் இவ்வளவு அவசரம்? கடுவனுக்கு அந்தக் குழாய் நீளம் அதிகம், நுனிப் பக்கம் மிகவும் குறுகல். சிறுநீரில் இருக்கும் மணல் போன்ற உப்புத் துகளும் சளியும் சேர்ந்து கார்க் மாதிரி அடைத்துக்கொள்ளும். வெளியே போக வேண்டிய பொட்டாசியம் ரத்தத்திலேயே தேங்கும். அது ஏற ஏற இதயத்துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடும். முழு அடைப்பு என்றால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். ஒரு நாளிலேயே பூனை துவண்டுவிடும். பெட்டைக்குக் குழாய் அகலம் என்பதால் இப்படி முழுசாக அடைப்பது அபூர்வம்.

பலரும் ஏமாறுவது எங்கே தெரியுமா? அது முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று நினைத்துவிடுகிறார்கள். விளக்கெண்ணெய் புகட்டுகிறார்கள், ஒரு நாள் போய்விடுகிறது. சந்தேகம் வந்தால் தட்டில் உள்ள மண்ணை முழுக்க மாற்றிவிட்டு, அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்தில் ஈரக் கட்டி ஒன்றாவது சேர்கிறதா என்று பாருங்கள். பூனை முக்கிக்கொண்டே இருக்கிறது, மண் காய்ந்தே கிடக்கிறது என்றால் மலச்சிக்கல் என்று விடாமல் உடனே கிளம்புங்கள். ஏற்கெனவே வாந்தி எடுக்கிறது, துவண்டு கிடக்கிறது என்றால் இந்தச் சோதனைக்குக்கூட நேரம் இல்லை. வயிற்றை நீங்களே அழுத்திப் பார்க்காதீர்கள். நிரம்பிய பை கிழிந்துவிடும்.

டாக்டர் என்ன செய்வார்? மயக்கம் கொடுத்து மெல்லிய குழாய் செலுத்தி அடைப்பை நீக்குவார், நரம்பு வழியே திரவம் ஏற்றுவார், ஓரிரண்டு நாள் குழாயை வைத்திருக்கச் சொல்லலாம். மறுபடி வருமா? வரும் வாய்ப்பு உண்டு. வராமல் இருக்கத் தண்ணீர்தான் முதல் வழி. உலர் தீனி மட்டும் தின்று, வீட்டுக்குள்ளேயே படுத்துக் கிடந்து, எடை போட்ட கடுவன்கள்தான் இதில் அதிகம் மாட்டுகின்றன. உலர் தீனியில் தண்ணீர் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. டப்பாவிலும் பாக்கெட்டிலும் வரும் ஈரத் தீனியில் முக்கால் பங்கு தண்ணீர். உப்பு, மசாலா, வெங்காயம் இல்லாமல் வேகவைத்த மீனைத் தண்ணீரோடு பிசைந்து வைத்தாலும் நல்லதுதான். தண்ணீர்க் கிண்ணத்தைத் தீனிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைக்காமல் வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள்.

உடனே ஓட வேண்டிய வேறு சில நிலைமைகளும் உண்டு. பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்குவது (நாய்க்கு அது சாதாரணம், பூனைக்கு இல்லை), பின்னங்கால்கள் இரண்டும் சட்டென்று விழுந்து, தொட்டால் சில்லென்று இருப்பது, வலிப்பு, வயதான பூனை கண்ணின் பாவை முழுக்க விரிந்து நாற்காலியில் முட்டிக்கொள்வது. கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் ரத்த அழுத்தம் ஏறி விழித்திரை பிய்ந்ததால் வரும் பார்வைக் குறைவு.

சாப்பாட்டை எத்தனை நாள் விடலாம்? நாய் ஒரு நாள் பட்டினி கிடந்தால் நாம் அலட்டிக்கொள்வதில்லை. பூனைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. குறிப்பாகக் குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் உடம்பில் சேர்ந்த கொழுப்பு கரைந்து ஈரலில் போய் அப்பிக்கொள்ளும். ஈரல் வேலை செய்யாமல் மஞ்சள் காமாலை வந்துவிடும். ஒரு முழு நாள் எதையும் தொடவில்லை என்றால் டாக்டருக்குப் போன் போடுங்கள். குட்டி என்றால் அவ்வளவு நேரமும் காத்திருக்க வேண்டாம்.

டாக்டரிடம் போகும்வரை வலிக்கு வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலில் அரை மாத்திரை கொடுக்கலாமா? கொடுக்கவே கூடாது. குழந்தைக்குக் கொடுக்கும் சிரப்பும் கூடாது. பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்ற நம் ஈரலில் இருக்கும் சரக்கு பூனையின் ஈரலில் போதுமான அளவு இல்லை. ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். ஈறு பழுப்பாகி, முகம் வீங்கி, மூச்சுத் திணறும். நம்மூரில் அன்போடு செய்து பூனையைச் சாகவிடும் காரியங்களில் இது முதலில் நிற்கிறது என்பது என் எண்ணம்.

இன்னொன்று, நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்து. அதில் பெர்மெத்ரின் (பூச்சியின் நரம்பைத் தாக்கும் ரசாயனம்) இருந்தால், இரண்டு சொட்டு முதுகில் விட்டாலே பூனை நடுங்க ஆரம்பித்து வலிப்பில் போய் முடியும். பூனை திடீரென்று துள்ளுகிறது, காதைச் சிலுப்புகிறது, உடம்பெல்லாம் உதறுகிறது என்றால், அன்று வீட்டு நாய்க்கு என்ன மருந்து போட்டீர்கள் என்று யோசியுங்கள். பூங்கொத்தில் வரும் லில்லிப் பூவும் அப்படித்தான். இதழ், இலை, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாம்பார் சாதம் போடும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை: வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சோர்ந்து படுத்துக்கொண்டே இருக்கும் பூனையின் ஈறு வெளுத்திருந்தால் இதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சரி, உடம்புக்கு ஒன்றும் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறது, ஆனால் பாய்ந்து கடித்துவிட்டது. அதற்கு என்ன காரணம்? ஜன்னலைப் பாருங்கள். மதில் மேல் தெருக் கடுவன் ஒன்று வந்து உட்கார்ந்திருக்கும். உங்கள் பூனை கண்ணாடிக்கு உள்ளே வாலைத் துடைப்பம் போல் ஊதிக்கொண்டு நிற்கும். அவனை அடிக்க முடியாது. அந்த நேரம் பார்த்து நீங்கள் "என்னடா செல்லம்" என்று முதுகைத் தொட்டால் அடி உங்களுக்கு விழும். அந்தக் கொதிப்பு அடங்கச் சில மணி நேரம் ஆகும், சில பூனைக்கு ஒரு நாளும் ஆகும். தூக்கிச் சமாதானம் செய்யாதீர்கள். அறையை இருட்டாக்கி, தண்ணீர் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுங்கள். ஜன்னலின் கீழ்ப்பாதிக்குக் காகிதம் ஒட்டினால் பாதிப் பிரச்சினை தீரும்.

கடித்தது ரேபீஸாக (வெறிநாய்க்கடி நோய் என்று நாம் சொல்வது) இருக்குமோ? இந்தப் பயம் நியாயமானது; பூனையும் இந்த நோயைப் பரப்பும். ஊசி போடாத, வெளியே சுற்றும் பூனை காரணமே இல்லாமல் பாய்கிறது, குரல் மாறிவிட்டது, எச்சில் ஒழுகுகிறது, தள்ளாடுகிறது என்றால் பக்கத்தில் போகாதீர்கள், கதவைச் சாத்திவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கடிபட்ட கையை என்ன செய்வது? குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் என்பது நின்று பார்த்தால் மிக நீளம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித் தூள் எதுவும் வேண்டாம். பிறகு அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போனால் ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாள் என்று வரச் சொல்வார்கள். ரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு ஊசியும் தேவைப்படும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நம் வீட்டுப் பூனைதானே, தடுப்பூசி போட்டிருக்கிறோமே என்றாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். பூனைப் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும். மேலே புள்ளிதான் தெரியும், மறுநாளே கை புசுபுசுவென்று வீங்கிச் சீழ் வைக்கும். பூனைக்கு ரேபீஸ் தடுப்பூசியை மூன்று மாத வயதில் தொடங்கி, டாக்டர் சொல்லும் நாள்களில் தொடர வேண்டும்.

ஆறேழு மாதப் பெட்டைக் குட்டி வைத்திருப்பவர்கள் ஒரு ராத்திரி அலறிக்கொண்டு போன் செய்வார்கள். தரையில் புரளுகிறது, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது, குழந்தை அழுவது போலக் கத்துகிறது, வயிற்று வலியா? இல்லை, பருவத்துக்கு வந்திருக்கிறது. ஒரு வாரம் இப்படி இருக்கும், அடங்கும், இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி தொடங்கும். நம்மூர் வெயிலில் இது வருடம் முழுக்க நடக்கலாம். கருத்தடை அறுவை சிகிச்சைதான் வழி. கதவு திறந்திருந்தால் சுமார் 65 நாளில் நாலு குட்டி.

கடுவன் சுவரில் வாலை நடுக்கிக்கொண்டு நின்றபடியே பீய்ச்சுவதும் இந்த வகைதான். அது மூத்திரம் போவதில்லை, எல்லைக்கல் நடுகிறது. கருத்தடை செய்தால் பெரும்பாலான கடுவன்கள் நிறுத்திவிடும். உட்கார்ந்து முக்குவதையும் நின்று பீய்ச்சுவதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலாவது ஆபத்து, இரண்டாவது நாற்றம்.

வயதான பூனை நடுராத்திரியில் கூடத்தில் நின்று ஊளையிட்டால், வயதாகிவிட்டது என்று விடாதீர்கள். நிறையச் சாப்பிட்டும் இளைக்கிறது, ஓயாமல் நடக்கிறது என்றால் தைராய்டு (கழுத்தில் இருக்கும் ஒரு சுரப்பி) அதிகமாக வேலை செய்யலாம். தண்ணீரை மொண்டு மொண்டு குடித்து, லிட்டர் கட்டிகள் வழக்கத்தைவிடப் பெரிதாகின்றன என்றால் சிறுநீரகம் அல்லது சர்க்கரை. இவை எல்லாமே ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பலவற்றுக்கு மருந்தும் உண்டு.

வீட்டில் என்ன மாறியது என்பதை அடுத்து யோசிக்க வேண்டும். பூனைக்கு வீடு என்பது வாசனைதான். கன்னத்தில் இருக்கும் சுரப்பியால் கதவு விளிம்பு, நாற்காலிக் கால், உங்கள் முழங்கால் என்று தேய்த்துத் தேய்த்துத் தன் முகவரியை எழுதி வைத்திருக்கும். பொங்கலுக்கு வெள்ளையடித்து, மெத்தை உறையெல்லாம் துவைத்து, ஃபினாயில் போட்டுத் துடைத்தால் நமக்கு வீடு பளிச்சென்று இருக்கும். அதற்கு யாரோ அந்நியர் வீட்டில் கொண்டுபோய் விட்டது போல் இருக்கும். அது படுக்கும் ஒரு பழைய துண்டை மட்டும் துவைக்காமல் விட்டுவிடுங்கள். ஃபினாயில், டெட்டால் வகையறா பூனைக்கு நஞ்சும்கூட. காலில் ஒட்டியதை நக்கித்தான் உள்ளே போகும். மூத்திரக் கறைக்கு அமோனியா கலந்த திரவமும் வேண்டாம், அதன் வாடை மூத்திர வாடை போலவே இருப்பதால் அதே இடத்துக்கு மறுபடி வரும்.

லிட்டர் தட்டை வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் நகர்த்தினீர்களா? மெஷின் ஒரு தடவை அதிர்ந்தால் போதும், பூனை அந்தப் பக்கம் தலைவைக்காது. மண்ணின் பிராண்டை மாற்றினீர்களா? வாசனை போட்ட மண் நமக்குத்தான் மணக்கும். இரண்டு பூனைக்கு ஒரே தட்டா? எத்தனை பூனையோ அதைவிட ஒரு தட்டு கூடுதலாக வேண்டும் என்பது கணக்கு. ஃபிளாட்டில் இடம் இல்லை என்பது புரிகிறது; குறைந்தது ஒரே மூலையில் இரண்டையும் வைக்காமல் இருங்கள், காவல் நிற்கும் பூனை மற்றதை விடாது.

தீபாவளிக்குக் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தால் இழுத்து வெளியே போடாதீர்கள். தண்ணீரையும் தட்டையும் அருகில் வைத்துவிட்டு விட்டுவிடுங்கள். வெடிச் சத்தம் ஓய்ந்து ஒரு நாள் ஆகியும் சாப்பிட வரவில்லை என்றால் முன்பு பட்டினிக்குச் சொன்னபடி டாக்டருக்குப் போன் போடுங்கள்.

டாக்டரிடம் போகும்போது எதைக் கொண்டு போவது? பூனையைத் தவிர, செல்போனில் ஒரு வீடியோ. மேசைமேல் வைத்ததும் எந்தப் பூனையும் பொம்மை மாதிரி ஆகிவிடும். வீட்டில் செய்ததை அங்கே செய்து காட்டாது. தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். முப்பதுக்குக் கீழே இருக்க வேண்டும். எடையையும் பாருங்கள்: பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நில்லுங்கள், பிறகு தனியாக நின்று கழித்துக்கொள்ளுங்கள். நாலு கிலோ பூனை நானூறு கிராம் குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது; ஆனால் அது அறுபது கிலோ ஆள் ஆறு கிலோ இளைத்ததற்குச் சமம்.

பக்கத்தில் பூனை பார்க்கும் டாக்டர் இல்லையென்றால் கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்த மருத்துவமனைகள் இருக்கின்றன. சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கல்லூரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிக் கல்லூரிகள். பைக்கில் மடியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், ஒரு லாரி ஹார்ன் போதும். மூடியுள்ள கூடை வாங்கி, சும்மா இருக்கும் நாளிலேயே திறந்து வைத்து உள்ளே தீனி போட்டுப் பழக்குங்கள்.

போய்விட்டு வந்ததும் ஒரு கூத்து நடக்கும். வீட்டில் இருந்த இன்னொரு பூனை, மூன்று வருடமாக ஒன்றாகத் தூங்கியது, வந்த பூனையைப் பார்த்து யாரோ எவரோ என்று சீறும். வந்ததன் மேல் ஆஸ்பத்திரி வாடை. அன்று ராத்திரி இரண்டையும் தனித்தனி அறையில் விடுங்கள். ஒரு துண்டால் வீட்டில் இருந்த பூனையின் கன்னத்தைத் துடைத்து, அதே துண்டால் வந்ததன் முதுகைத் துடையுங்கள். மறுநாள் கதவைக் கொஞ்சம் மட்டும் திறந்து, இரண்டு பக்கமும் தீனி வையுங்கள். சீறலைக் கண்டுகொள்ளாதீர்கள், திட்டாதீர்கள். இரண்டும் கதவு இடுக்கில் மூக்கை நீட்டி முகர்ந்துவிட்டுத் தீனிக்குத் திரும்பினால், கதவை முழுக்கத் திறந்துவிடலாம்.